தொட்ட கணமும் விட்ட கணமும்: கூடைப்பந்தின் கடைசி நொடி பற்றி ஒரு நீண்ட பதிவு



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய காணொளி சுற்றி வந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து. ஆட்டம் முடிய 0.4 நொடிதான் இருக்கிறது. ஒருவர் பந்தை வாங்குகிறார், உடலைத் திருப்புகிறார், எறிகிறார், கூடையில் விழுகிறது, அவருடைய அணி ஜெயித்துவிடுகிறது. "இது எப்படித் தாத்தா முடியும்? கடிகாரத்துல ஏதோ தில்லுமுல்லு" என்று என் தங்கையின் பேத்தி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொன்னால் அந்தக் கேள்விக்கு மரியாதை இல்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கூடைப்பந்தே பார்க்காதவர்களும் படிக்கலாம். இது கடைசியில் மனித விரலைப் பற்றிய கதைதான்.

முதலில் ஒரு சின்னச் செய்முறை. என்னிடம் படித்தவர்களில் சிலருக்கு நினைவிருக்கும். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒருவர் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலின் சுழியன் அருகே, அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அவர் சொல்லாமல் கொள்ளாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். எவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளையாக இருந்தாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நழுவிய பிறகுதான் பிடிபடும். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் மூடுவதற்குள் ஸ்கேல் விழுந்த தூரம் அது. கீழே விழும் பொருள் 0.2 நொடியில் சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் விழும்.

அதே கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். 0.1 நொடியில் 5 சென்டிமீட்டர்தான் விழும், மூன்று விரல் அகலம். 0.3 நொடியில் 44 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழம். 0.4 நொடியில் 78 சென்டிமீட்டர், இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. விரல், சாண், முழம் என்று நம் பாட்டிமார் துணி அளந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு முழுக்க அவை உதவும்.

அடுத்து ஆட்டத்தின் விதி. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டம் 12 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள், மொத்தம் 48 நிமிடம். நடுவர் விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும். பந்து கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறியப்படும்போது, எறிந்தவுடன் கடிகாரம் ஓடாது. உள்ளே இருக்கும் ஆட்டக்காரர் பந்தைத் தொட்ட கணத்தில்தான் ஓடத் தொடங்க வேண்டும். நேரம் முடிவதற்குள் பந்து கையை விட்டுக் கிளம்பியிருந்தால் போதும். அது காற்றில் பறந்துகொண்டிருக்கும்போது நேரம் முடிந்தாலும், கூடையில் விழுந்தால் புள்ளி உண்டு.

ஆக, கடைசி நொடித் தகராறு எதுவானாலும் இரண்டு கணங்களைப் பற்றியது. பந்தைத் தொட்ட கணம் ஒன்று, பந்தை விட்ட கணம் இன்னொன்று. தொட்ட கணத்தில் கடிகாரத்தை ஓடவிடுவது மைதான ஓரத்தில் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் விரல். விட்ட கணத்தைக் கவனித்தது நெடுங்காலம் நடுவரின் கண். விரலும் கண்ணும் நம் ஸ்கேல் செய்முறைக்குக் கட்டுப்பட்டவைதானே!

இந்தக் கதையில் முதலில் சொல்ல வேண்டியது ஒரு தொழில்முறை ஆட்டம் அல்ல, 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். ஆனால் அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமெரிக்கா அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் 63 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்றதில்லை. எதிரே சோவியத் யூனியன். செப்டம்பர் 9 இரவு தொடங்கிய ஆட்டம் நள்ளிரவைத் தாண்டியது. 3 நொடி இருக்கும்போது டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட, அமெரிக்கா 50-49 என்று முன்னிலை பெற்றது.

சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்தது. 1 நொடி மீதமிருக்க ஆட்டம் நிறுத்தப்பட்டது. தாங்கள் கேட்ட டைம் அவுட் தரப்படவில்லை என்று சோவியத் பயிற்சியாளர்கள் மேசைக்கு ஓடிவந்திருந்தார்கள். அப்போது பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்தார் உலகக் கூடைப்பந்து சம்மேளனத்தின் பொதுச் செயலர் வில்லியம் ஜோன்ஸ். 3 நொடியையும் திரும்பக் கொடுங்கள் என்றார். மறுபடி ஆடினார்கள். ஆனால் கடிகாரத்தை 3 நொடிக்குத் திருப்பி வைக்கும் வேலை முடிவதற்கு முன்பே பந்து உள்ளே எறியப்பட்டுவிட்டது. ஹாரன் ஒலித்தது, அமெரிக்கர்கள் துள்ளிக் குதித்தார்கள். அதுவும் செல்லாது என்றார்கள். மூன்றாவது முறை, இவான் எதெஷ்கோ மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தை எறிய, அலெக்சாந்தர் பெலோவ் அதைப் பிடித்துக் கூடையில் போட்டார். சோவியத் யூனியன் 51, அமெரிக்கா 50.

நடுவர்களில் ஒருவரான பிரேசிலின் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். ஐவர் குழு மேல்முறையீட்டை 3-2 என்ற கணக்கில் தள்ளியது. அமெரிக்க அணியினர் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள். இன்றுவரை அந்தப் பதக்கங்களை அவர்கள் பெற்றுக்கொள்ளவில்லை.

இதில் யார் சரி, யார் தப்பு என்ற வழக்கு ஐம்பது ஆண்டு கடந்தும் தீரவில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அங்கே கடிகாரம் பழுதாகவில்லை. எத்தனை நொடி என்று யார் சொல்ல வேண்டும், எந்த விதியின்படி சொல்ல வேண்டும் என்பதுதான் குழம்பியது. முடிவு ஒரு மனிதரின் வாயிலிருந்து, அந்த நேரத்தில் பிறந்தது. தோற்றவர்களால் அதை விழுங்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி என்.பி.ஏ.வுக்குள் வருவோம். 1976 ஜூன் 4, போஸ்டன் நகரம். இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம், போஸ்டன் செல்டிக்ஸுக்கும் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கும். சமநிலையால் கூடுதல் நேரம், மீண்டும் சமநிலையால் இரண்டாவது கூடுதல் நேரம். அதன் முடிவில் ஜான் ஹாவ்லிசெக் ஒரு கூடை போட்டு செல்டிக்ஸை 111-110 என்று முன்னுக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்தது என்று ரசிகர்கள் மைதானத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள். நடுவர்களோ இன்னும் 1 நொடி பாக்கி இருக்கிறது என்றார்கள். ஆத்திரத்தில் ஒரு ரசிகர் நடுவர் ரிச்சி பவர்ஸைத் தாக்கவே செய்தார்.

கூட்டத்தை வெளியேற்றிவிட்டு அந்த 1 நொடியை ஆட வேண்டும். சன்ஸ் அணி தன் கூடைக்கு அடியிலிருந்து பந்தைத் தொடங்க வேண்டும். மைதானத்தின் முழு நீளம் 94 அடி. ஒரு நொடியில் எங்கே போவது? அந்த அணியின் பால் வெஸ்ட்ஃபால் ஒரு தந்திரம் செய்தார். தங்களிடம் டைம் அவுட் மீதமில்லை என்று தெரிந்தே டைம் அவுட் கேட்டார். தண்டனையாக செல்டிக்ஸுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அது விழுந்து 112-110. ஆனால் அன்றைய விதிப்படி சன்ஸ் பந்தை நடுக்கோட்டிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து வந்த பந்தை கார் ஹெர்ட் உயர எறிந்தார். விழுந்தது, 112-112. மூன்றாவது கூடுதல் நேரத்தில் செல்டிக்ஸ் 128-126 என்று வென்றது. அந்தத் தந்திரத்துக்கு இடம் கொடுத்த விதியைப் பிறகு மாற்றிவிட்டார்கள்.

அந்த "1 நொடி" உண்மையில் எவ்வளவு? கண்ணால் பார்த்து முழு நொடியாகச் சொன்ன கணக்கு அது. இதற்கு மருந்து நுட்பமான கடிகாரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாமும் அப்படித்தானே நினைப்போம்? 1990 வருவதற்குள் என்.பி.ஏ. அரங்குகளில் கடைசி நிமிடத்தில் பத்தில் ஒரு நொடியும் தெரியும்படி கடிகாரங்கள் வந்துவிட்டன. தகராறு தீரும் என்று பார்த்தால் புதிதாக ஒன்று முளைத்தது.

1990 ஜனவரி 15, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். நியூயார்க் நிக்ஸும் சிகாகோ புல்ஸும் 106-106 என்று சமநிலை. கடிகாரத்தில் 0.1 நொடி. மார்க் ஜாக்சன் பந்தை உள்ளே எறிந்தார். ட்ரென்ட் டக்கர் அதைக் கையில் பிடித்து, கூடை நோக்கித் திரும்பி, குதித்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். அவர் பந்தை விட்ட பிறகுதான் ஹாரன் ஒலித்தது. கூடை விழுந்தது. நிக்ஸ் 109, புல்ஸ் 106.

0.1 நொடி என்றால் பந்து மூன்று விரல் அகலம் விழும் நேரம் என்று பார்த்தோம். அதற்குள் பிடித்து, திரும்பி, குதித்து, எறிய எந்த மனிதராலும் முடியாது. அப்படியானால் நடந்தது என்ன? பந்து கையில் பட்டதைப் பார்த்த பிறகுதான் மேசையில் இருப்பவரின் விரல் அசையும். அந்த அசைவுக்கே ஒரு சாண் நேரம் ஆகும். அதாவது அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கடிகாரம் தொடங்குவதற்கு முன்பே அந்த 0.1 நொடி தீர்ந்திருக்கும். மேசையில் இருப்பவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரராக வேறு இருப்பார். வெளியூர் அணிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? புல்ஸ் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. லீக் அதை ஏற்கவில்லை. ஆட்ட முடிவு அப்படியே நின்றது.

பாருங்கள், முழு நொடி காட்டிய காலத்தில் இந்தத் தகராறு இந்த உருவத்தில் வந்திருக்காது. பத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரம் வந்ததும், பத்தில் ஒரு பங்கை நாம் அளக்கிறோம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். காட்டுவது வேறு, அளப்பது வேறு. மளிகைக் கடைத் தராசு கிராம் கணக்கில் எண் காட்டலாம். அதன்மேல் கடைக்காரரின் கை பட்டுக்கொண்டிருந்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

அடுத்து லீக் செய்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. இன்னும் நுட்பமான கடிகாரத்தைத் தேடி ஓடவில்லை. ஒரு விதி எழுதினார்கள். கடிகாரத்தில் 0.3 நொடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் பந்தைப் பிடித்து எறியலாம். 0.2 அல்லது 0.1 இருந்தால் பிடிக்கவே கூடாது. கூடை அருகே பறந்து வரும் பந்தை விரலால் தட்டிவிடலாம், அல்லது காற்றிலேயே வாங்கிக் கூடைக்குள் அழுத்தலாம். அதற்கு மேல் செய்தால், கடிகாரம் என்ன காட்டினாலும் செல்லாது. 1990-91 பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்த இதை இன்றும் ட்ரென்ட் டக்கர் விதி என்றே அழைக்கிறார்கள். இப்போது உலகச் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்திலும் இதே 0.3 உண்டு. ஆகவே நம் ஊரில் அந்த விதிகளின்படி நடக்கும் போட்டிகளுக்கும் இது பொருந்தும்.

ஒரு முழம் விழும் நேரம் இருந்தால் எறியலாம், ஒரு சாண் நேரம் என்றால் தட்டத்தான் முடியும். விதியின் சாரம் இவ்வளவே. மேசையில் இருப்பவரின் விரல் தாமதிக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தாமதத்தால் யாரும் லாபம் அடையாதபடி முன்கூட்டியே கோடு கிழித்துவிட்டார்கள்.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதை அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனிலேயே 2006 டிசம்பர் 20 அன்று பார்க்க முடிந்தது. இரண்டாவது கூடுதல் நேரம், நிக்ஸும் சார்லட் பாப்கேட்ஸும் 109-109, கடிகாரத்தில் அதே 0.1 நொடி. ஜமால் க்ராஃபர்ட் பந்தைக் கூடைக்கு அருகே உயரமாக எறிய, டேவிட் லீ எம்பி அதைப் பிடிக்காமல் தட்டிவிட்டார். விழுந்தது. 111-109. டக்கர் போட்டபோது அத்தனை கூச்சல் எழுந்த அதே 0.1 நொடியில், இம்முறை விதிக்கு உட்பட்ட வெற்றி.

இதற்கிடையே விசில் பிரச்சினையையும் சரிசெய்தார்கள். நடுவர் ஊதுகிறார், மேசையில் இருப்பவர் அதைக் கேட்டு பொத்தானை அழுத்துகிறார், அதற்குள் கடிகாரம் கொஞ்சம் ஓடிவிடுகிறது. ஒரு விசிலுக்கு 0.3 நொடி என்று வைத்துக்கொண்டால் 60 விசிலுக்கு 18 நொடி ஆகிறது. மைக் காஸ்டபைல் என்ற கூடைப்பந்து நடுவர் இதற்கு ஒரு கருவி செய்தார். நடுவரின் இடுப்பில் ஒரு சிறு பெட்டி, விசிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மைக். விசிலின் ஒலியை மைக் உணர்ந்ததும் கடிகாரம் தானே நின்றுவிடும். பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்தி நடுவரே கடிகாரத்தைத் தொடங்கவும் செய்யலாம். 1990-களின் இறுதியில் என்.பி.ஏ. இதை ஏற்றுக்கொண்டது.

கவனியுங்கள். நிறுத்துவது இயந்திரத்திடம் போனது. தொடங்குவது மட்டும் விரலிடமே இருந்தது. விரல்களின் எண்ணிக்கைதான் கூடியது.

தொட்ட கணம் இப்படி இருக்க, விட்ட கணத்தின் கதைக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டின் பிளேஆஃப் சுற்றுகள் நடுவர்களின் கண்களுக்குப் பெரிய சோதனையாக அமைந்தன. ஏப்ரலில் சார்லட் ஹார்னெட்ஸும் ஆர்லாண்டோ மேஜிக்கும் மோதிய ஆட்டம். 0.7 நொடி இருக்க, பேரன் டேவிஸ் போட்ட கூடையைச் செல்லாது என்றார்கள். காணொளியில் பார்த்தால் நேரத்துக்குள் விட்டிருந்தார். நல்லவேளையாக அவருடைய அணி கூடுதல் நேரத்தில் வென்றது. மே 2 அன்று இந்தியானா பேசர்ஸின் ரெஜி மில்லர் நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிராகத் தொலைவிலிருந்து ஒன்று போட்டார். அதைச் செல்லும் என்றார்கள். காணொளியில் நேரம் கடந்திருந்தது. ஆனாலும் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு நெட்ஸ் 120-109 என்று வென்றது. இரண்டு முறையும் ஆட்டம் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது எனலாம்.

மூன்றாவது முறை அப்படி நடக்கவில்லை. மே 26, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும். முதல் பாதி முடியும் நேரத்தில் லேக்கர்ஸின் சமாகி வாக்கர் ஏறக்குறைய நடுக்கோட்டிலிருந்து எறிந்தது விழுந்தது. 3 புள்ளி என்றார்கள். காணொளியில், நேரம் முடிந்தபோது பந்து அவர் கையிலேயே இருந்தது. காணொளியைப் பார்த்து முடிவை மாற்ற அப்போது விதி இல்லை. ஆட்டத்தின் கடைசி நொடியில் ராபர்ட் ஹாரி ஒரு மூன்று புள்ளி போட்டு லேக்கர்ஸை 100-99 என்று வெல்ல வைத்தார். அந்தக் கடைசி எறிவைப் பற்றி எந்தத் தகராறும் இல்லை. உலகம் முழுக்க அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டத்தில், இடைவேளைக்கு முன் செல்லாத 3 புள்ளி சேர்ந்திருந்தது. தொடர் 2-2 ஆனது. ஏழாவது ஆட்டம் வரை போய் லேக்கர்ஸ் தொடரை வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றது.

அந்த 3 புள்ளி இல்லாவிட்டால் இரண்டாம் பாதியும் வேறு மாதிரி ஆடப்பட்டிருக்கும் என்று சொல்வார்கள். சரிதான். அதனால்தான் இதற்குத் தீர்ப்பு சொல்ல நான் துணியவில்லை. ஆனால் ஒன்று உறுதி. கடைசி நொடி என்பது ஆட்டத்தின் முடிவில் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கடைசி நொடி உண்டு, எல்லாப் புள்ளிக்கும் ஒரே எடைதான்.

அடுத்த பருவத்திலிருந்தே, 2002-03 முதல், என்.பி.ஏ. காணொளி மறுபார்வையைக் கொண்டுவந்தது. ஒரு பகுதி முடியும் கணத்தில் எறியப்பட்டதை நடுவர்கள் மைதான ஓரத் திரையில் திரும்பப் பார்க்கலாம். கூடைப் பலகையின் விளிம்பில் சிவப்பு விளக்குகள், நேரம் முடிந்ததும் எரியும். ஹாரன் இருக்க விளக்கு எதற்கு? ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நடு மேசையருகே ஒலிக்கும் சத்தம் 14 மீட்டர் தள்ளியுள்ள கூடைக்கு வந்துசேர 0.04 நொடி ஆகும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. அதோடு, விளக்கும் பந்தும் கையும் ஒரே படத்தில் விழும். விளக்கு எரிந்த படத்தில் பந்து கையில் இருந்தால் செல்லாது, கையை விட்டிருந்தால் செல்லும். தொலைக்காட்சிப் படம் நொடிக்கு 30 என்றால் பத்தில் ஒரு நொடிக்கு மூன்று படங்கள் கிடைக்கும். விட்ட கணத்தைப் பற்றிய சண்டை இதோடு பெரும்பாலும் ஓய்ந்தது.

இப்போது அந்தக் காணொளிக்கு வருவோம். 2004 மே 13, சான் அன்டோனியோ. ஸ்பர்ஸும் லேக்கர்ஸும், தொடர் 2-2. டிம் டங்கன் தடுமாறியபடியே எறிந்த பந்து விழுந்து ஸ்பர்ஸ் 73-72. மீதம் 0.4 நொடி. கேரி பேட்டன் பந்தை உள்ளே எறிய, டெரெக் ஃபிஷர் பிடித்து, இடப்பக்கம் திரும்பி எறிந்தார். லேக்கர்ஸ் 74-73. நடுவர்கள் காணொளியைப் பார்த்தார்கள். விளக்கு எரியும் முன் பந்து கையை விட்டிருந்தது. செல்லும் என்றார்கள். கடிகாரம் தாமதமாகத் தொடங்கியது என்று ஸ்பர்ஸ் எதிர்ப்பு மனு கொடுத்தது. லீக் தள்ளுபடி செய்தது.

பேத்தியின் கேள்விக்குப் பதில் இதோ. தில்லுமுல்லு என்று சொல்ல ஆதாரம் இல்லை. 0.4 என்பது விதி கேட்ட 0.3-ஐ விட அதிகம், ஆகவே எறிய அனுமதி உண்டு. விட்ட கணத்தைக் காணொளி உறுதிசெய்தது. ஆனால் தொட்ட கணத்தைத் தொடங்கிவைத்தது விரல்தான். விரல் 0.2 நொடி தாமதித்திருந்தால் அவருக்குக் கிடைத்தது 0.6 நொடி. அதாவது ஒன்றரை மடங்கு. கடிகாரம் காட்டிய 0.4 அச்சுப் பிசகாமல் 0.4 என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதே தாமதம் அன்று டங்கன் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அவருக்கும் கிடைத்திருக்கும். விதி இரண்டு பக்கத்துக்கும் ஒன்று.

ஆட்டத்தைத் திரும்ப ஆடியதே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2007 டிசம்பர் 19 அன்று அட்லாண்டா ஹாக்ஸும் மியாமி ஹீட்டும் ஆடியபோது, மேசையில் இருந்தவர்கள் ஷகீல் ஓ'நீலின் ஐந்தாவது ஃபவுலை ஆறாவது என்று தவறாகக் கணக்கிட்டு அவரை வெளியேற்றிவிட்டார்கள். மியாமியின் எதிர்ப்பு ஏற்கப்பட்டது. ஹாக்ஸுக்கு 50,000 டாலர் அபராதம். கடைசி 51.9 நொடியைத் திரும்ப ஆட உத்தரவு. 2008 மார்ச் 8 அன்று ஆடினார்கள். அதற்குள் ஓ'நீல் வேறு அணிக்கே போய்விட்டார்! அந்த 51.9 நொடியில் இரு அணியும் ஒரு புள்ளிகூடப் போடவில்லை. ஹாக்ஸ் 114-111 என்று மறுபடியும் வென்றது. போன நேரத்தைத் திருப்பித் தரலாம், அந்த நேரத்தில் இருந்த ஆட்களையும் சூட்டையும் திருப்பித் தர முடியாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

பிறகு 2014-இல் நியூ ஜெர்சியின் சிகாகஸ் என்ற ஊரில் மறுபார்வை மையம் திறந்தார்கள். எல்லா அரங்குகளின் படங்களும் அங்கே வரும். கடிகாரம் சரியாக ஓடாதது தெரிந்தால் காணொளியை வைத்து நேரத்தைத் திருத்தவும் விதியில் இடம் வந்தது. 2015 மார்ச் முதல், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி 2 நிமிடத்தில் நடுவர்கள் எடுத்த முடிவுகளில் எது சரி, எது தவறு என்று லீக்கே மறுநாள் வெளியிடுகிறது. முடிவு மாறாது. ஆனால் தவறு தவறு என்று எழுத்தில் வரும். நடுவர்களை இது சிறுமைப்படுத்துகிறது என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருத்திய விடைத்தாளைப் பிள்ளையின் கையில் கொடுக்க அஞ்சாத ஆசிரியரைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

மியூனிக்கையும் சான் அன்டோனியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு புள்ளியில் தோல்வி. இரண்டிலும் கடிகாரத்தின் மீது மனத்தாங்கல். ஸ்பர்ஸ் வீரர்கள் குமுறினார்கள், மனுக் கொடுத்தார்கள், பிறகு ஆறாவது ஆட்டத்துக்குப் போனார்கள். அதிலும் தோற்றார்கள், அடுத்த ஆண்டு 2005-இல் பட்டம் வென்றார்கள். மியூனிக்கில் தோற்றவர்களோ இன்னும் பதக்கத்தைத் தொடவில்லை. ஒலிம்பிக் இறுதி என்பது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்பதும் ஒரு காரணம். ஆனால் முக்கியமான வேறுபாடு, சான் அன்டோனியோவில் தீர்ப்பு சொன்ன இரண்டு விதிகளும் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு இரு தரப்புக்கும் தெரிந்திருந்தன. மியூனிக்கில் தீர்ப்பு அந்த இடத்தில் ஒருவர் சொல்லிப் பிறந்தது. இரண்டிலுமே அளவு துல்லியமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தோற்றவர் எழுந்து அடுத்த ஆட்டத்துக்குப் போக உதவியது, முன்பே தெரிந்த விதி.

என்னிடம் படித்து இன்று உடற்கல்வி ஆசிரியர்களாகவும் போட்டி நடுவர்களாகவும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் பள்ளி மைதானங்களில் சிவப்பு விளக்கும் இல்லை, மறுபார்வை மையமும் இல்லை. பல இடங்களில் ஒரு ஸ்டாப் வாட்சும் ஒரு விசிலும்தான். அதனால் ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, கடிகாரம் யார் கையில், எப்போது ஓடும், எப்போது நிற்கும், கடைசியில் சந்தேகம் வந்தால் யார் சொல்வது இறுதி என்று நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். தோற்கப்போகும் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

மற்றவர்கள் வீட்டில் ஸ்கேல் செய்முறையைச் செய்து பாருங்கள். பேரப்பிள்ளைகள் எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தார்கள், நீங்கள் எத்தனையில் பிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். என் கணக்கு 22. வயதுக்கு மோசமில்லை!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்